வரிக்குதிரையும் பால்காரரும்



1991 பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் ஒரு ஊர், மத்தியானம் வேறு ஊர். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லத் தம்பி பஸ் ஏறி வந்தான். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. அடுத்த பஸ்ஸில் அவன் திரும்பியாக வேண்டும். எதிரில் வந்தவரிடமெல்லாம் சொல்லாமல் பால்காரரைத் தேடிப் பிடித்தான். "நாலு நாளா டீச்சரை ரெண்டு வேளையும் பார்க்கிறேன் தம்பி, நான் சொல்லிடுறேன்" என்றாராம். பொழுது சாய்வதற்குள் சேதி வந்துவிட்டது. அம்மாவின் கடைசி இரண்டு நாள் நான் பக்கத்தில் இருந்தேன்.

போன வாரம் அக்கா பேரன் தன் கல்லூரிப் பாடத்தைச் சொன்னபோது இது நினைவுக்கு வந்தது. பாடத்தின் பெயர் ஜீப்ராநெட்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியை மார்கரெட் மார்டொனோசியும் விலங்கியல் பேராசிரியர் டேனியல் ரூபன்ஸ்டைனும் சேர்ந்து செய்த வேலை அது. 2002-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2004 ஜனவரியில் கென்யா நாட்டு வரிக்குதிரைகளின் கழுத்தில் பட்டை கட்டிப் பார்த்தார்கள். பட்டையில் இடத்தைக் குறிக்கும் ஜி.பி.எஸ்., சிறு ரேடியோ, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் பேட்டரி எல்லாம் உண்டு.

அந்தக் காட்டில் அப்போது செல்போன் கோபுரத்தை நம்ப முடியவில்லை. தகவலை வாங்கும் கருவியோ ஆராய்ச்சியாளரின் வண்டியில் இருக்கும். அது என்றைக்கு எந்தப் பக்கம் வரும் என்று வரிக்குதிரைக்குத் தெரியாது. அனுப்புவதும் நகர்கிறது, வாங்குவதும் நகர்கிறது!

அதற்கு இரண்டு வழி யோசித்தார்கள். ஒன்று, எதிர்ப்படும் ஒவ்வொரு பட்டைக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது. ஒரு வரிக்குதிரையைச் சிங்கம் அடித்தாலும் அதன் தகவல் மற்றவற்றிடம் இருக்கும். ஆனால் பேட்டரியும் நினைவகமும் சீக்கிரம் தீரும். இரண்டாவது, அண்மையில் எந்தப் பட்டை அந்த வண்டியை அடிக்கடி சந்தித்ததோ அதனிடம் மட்டும் கொடுப்பது. சந்தித்தால் அதற்கு மதிப்பெண் ஏறும், நாளாக நாளாகக் குறையும். தகவல் வண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும், "இனி இதைச் சுமக்க வேண்டாம்" என்ற குறிப்பும் பட்டைக்குப் பட்டை பரவும்.

பேரன் இதைச் சொல்லி முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். இரண்டாவது வழி என் தம்பி செய்ததுதானே! ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், ஆளைப் பார்க்கப்போகிறவர் யார் என்று தேடு. அவ்வளவுதான்.

பால்காரர் இப்போது இல்லை. அன்று அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவர் மகன் என்னிடம் படித்தவன். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதப்பா.

வாழ்க வளமுடன்,
உங்கள் டீச்சர்