கமான் பட்டை: ஜீப்பைத் தூக்கின கதை

செகந்திராபாத் ராணிகஞ்ச் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். ஹார்டுவேர், பம்பு செட், லாரி சாமான் எல்லாம் ஒரே இடத்தில் குவிஞ்சு கிடக்கும். அங்கே போய் 'லீஃப் ஸ்பிரிங்'னு கேட்காதீங்க. 'கமான்'னு கேளுங்க, உடனே எந்த வண்டிக்குன்னு திருப்பிக் கேட்பாங்க. உருதுல கமான்னா வில். நம்ம ஊரில் ஸ்பிரிங் வெச்ச மாட்டு வண்டிக்கு என்ன பேர்? வில்வண்டி. பழைய ஆட்கள் லாரி ஸ்பிரிங்கையும் வில்லுப்பட்டைன்னுதான் சொல்வாங்க. ரெண்டு மொழிக்காரங்களும் வளைஞ்சு நிக்கிற அந்த இரும்பைப் பார்த்து ஒரே பேரை வெச்சிருக்காங்க.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எதுக்குன்னு கேட்பீங்க. நான் படிச்சது பி.காம். பார்க்கிறது பேங்க் உத்தியோகம். வண்டிக்கும் எனக்கும் உள்ள உறவு கடன் ஃபைலோட முடிஞ்சுடும். ஆனா போடியில் இருக்கிற என் மச்சினன் ராணுவ ஏலத்தில் கழிஞ்ச ஒரு பழைய மாருதி ஜிப்சியை வாங்கி வெச்சுக்கிட்டு தினமும் போன் பண்றான். "மச்சான், நாலு இஞ்சு தூக்கிடலாம்னு பார்க்கிறேன். புதுசா கிட் எல்லாம் வேண்டாமாம். இருக்கிற பட்டையையே இடம் மாத்திப் போட்டு, வேற வண்டி ஷேக்கிள் ஷாக் அப்சார்பரைப் பொருத்தினா செலவே இல்லைங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" அந்த வண்டியில் அவனோட ரெண்டு பிள்ளைகளும் பின்னாடி பெஞ்சு சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டு ஏறும். அதனால் சும்மா 'உன் இஷ்டம் மாப்ளே'ன்னு சொல்லிட்டுப் போக மனசு வரலை. உட்கார்ந்து படிச்சேன். படிச்சதில் பாதி சரித்திரம்.

அடுக்கடுக்கா வளைஞ்ச பட்டைகளை வெச்சு நீள்வட்ட ஸ்பிரிங் செய்யறதுக்கு 1804-ல் லண்டனில் ஒபடையா எலியட் என்கிற கோச்சு வண்டி செய்யறவர் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிகளுக்கு வந்த சமாசாரம். வெள்ளைக்காரன் கோச்சு வழியா நம்ம ஜட்காவுக்கும் வில்வண்டிக்கும் வந்து, அப்புறம் மோட்டாருக்கும் போச்சு. தத்துவம் ரொம்ப எளிசு. நீளமான பட்டைக்கு ரெண்டு முனையிலும் ஒரு கண் இருக்கும். ஒரு கண் சேஸிஸில் நேரா மாட்டியிருக்கும். இன்னொரு கண் ஷேக்கிள்ங்கிற சின்னக் கொக்கித் தகட்டில் ஆடிக்கிட்டிருக்கும். பாரம் ஏறினா வில் தட்டையாகும், நீளும். அந்த நீட்சிக்கு ஷேக்கிள் இடம் கொடுக்கும். பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு உரசறதே பாதி ஷாக் அப்சார்பர் வேலையைப் பார்த்துடும். உடைஞ்சா எந்தப் பட்டறையிலும் ஒத்தைப் பட்டையை மாத்திக்கலாம். இதைவிட மலிவான சஸ்பென்ஷன் கிடையாது.

வண்டியைத் தூக்கறது என்பது அமெரிக்கப் பையன்கள் கண்டுபிடிச்ச விளையாட்டுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறையில் நின்னு பார்த்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. கூடுதல் லோடு ஏத்தணும்னா ஒரு எக்ஸ்ட்ரா பட்டை செருகறது அங்கே சர்வ சாதாரணம். எங்க ஊரிலும் அதேதான். விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை அடைச்சுக்கிட்டு கேரளா எல்லைக்கு ஏறுகிற ஜீப்புகளில் பின்பக்கப் பட்டையை எண்ணிப் பார்த்தா கம்பெனி கொடுத்ததைவிட அதிகமாவே இருக்கும். பாரம் இல்லாதப்போ வண்டியின் பின்பக்கம் தவளை மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். நம்ம ஊரில் ஜீப்பைத் தூக்கினது ஆள் ஏத்தறதுக்காக. ஸ்டைல் எல்லாம் அப்புறம் வந்தது.

ஜீப்புக்கு வருவோம். 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இழுவை வண்டி கேட்டு 135 கம்பெனிகளுக்கு எழுதினது. முதல் மாதிரியைச் செய்ய 49 நாள்தான் கெடு. பாண்டம் என்கிற சின்னக் கம்பெனி அந்தச் செப்டம்பரில் கொண்டுபோய் நிறுத்தினது. ஆனா பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போச்சு. (சின்ன யூனிட் ஐடியா கொடுக்கும், பெரிய யூனிட் ஆர்டர் வாங்கும். பேங்கில் தினமும் பார்க்கிற கதை.) யுத்தம் முடியறதுக்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் இறங்கினது. நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஒரே குழாய் மாதிரி கெட்டியான ஆக்சில்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பின்னாடி வரப்போற பட்ஜெட் வித்தை எல்லாமே இதில்தான் இருக்கு. ஜீப்பில் பட்டைக்கட்டு ஆக்சிலுக்குக் கீழே தொங்கும். வண்டி தரையோட தாழ்ந்து, கவிழாமல் ஓடணும்னு அப்படி வெச்சாங்க. அதே ஏற்பாட்டைத்தான் பிற்பாடு சுசுகி தன்னோட சின்ன ஜீப்பிலும் வெச்சது. அதோட நீள வடிவம்தான் 1985-ல் இங்கே வந்த ஜிப்சி.

இந்தியாவுக்கு ஜீப் வந்த கதையில் ஹைதராபாத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1945-ல் ஆரம்பிச்ச கம்பெனியோட பேர் மகிந்திரா அண்ட் முகமது. ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா சகோதரர்களோட கூட்டாளியா இருந்தவர் மாலிக் குலாம் முகமது. ரயில்வே கணக்குத் துறையில் இருந்து வந்தவர். நிஜாம் சர்க்காருக்கு நிதியமைச்சரா இருந்தவர். பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்த நாட்டோட முதல் நிதியமைச்சர், அப்புறம் 1951-ல் கவர்னர் ஜெனரல். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆச்சு. எம் அண்ட் எம்னு அச்சடிச்ச காகிதத்தை வீணாக்காம ரெண்டாவது எம்முக்கும் மகிந்திரான்னே வெச்சுக்கிட்டாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. உண்மையோ இல்லையோ, கணக்குப் படிச்சவனுக்குப் பிடிச்ச கதை :-)

பழைய ஜீப்பை நம்பி மோசம் போனதும் அந்தக் காலத்திலேயே நடந்திருக்கு. 1948-ல் காஷ்மீர் சண்டைக்கு ராணுவத்துக்கு அவசரமா ஜீப் வேணும். லண்டனில் ஹைகமிஷனரா இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். முன்பணமும் போச்சு. வந்து சேர்ந்தது 155 ஜீப். அதுவும் ஓடற நிலைமையில் இல்லை. பார்லிமெண்டில் பெரிய ரகளை ஆகி, 1955-ல் சர்க்கார் விவகாரத்தை மூடிடுச்சு. செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன் இல்லாமல் பணம் கொடுக்கக்கூடாதுன்னு எங்க மேனுவலில் ஒரு பாராவே இருக்கு. அந்தப் பாராவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேனன் ஞாபகம் வரும்.

ராணுவம் கழிச்சுப்போட்ட ஜீப்புகள் ஏலத்தில் வெளியே வந்ததும் ஒரு தனித் தொழிலே உருவாச்சு. ஹரியானா, பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலின்னு ஒரு ஊர். ஏல ஜீப்பைப் பிரிச்சு, வேற வேற வண்டியோட எஞ்சின், ஆக்சில், பட்டை எல்லாம் போட்டு, உயரமா அகலமா கட்டித் தர்ற பட்டறைகளுக்குப் பேர்போன இடம். கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை ஏறி நிக்கிற திறந்த ஜீப்பெல்லாம் அந்த வகைதான்.

இனி மச்சினன் சொன்ன வித்தை. ஆக்சிலுக்குக் கீழே இருக்கிற பட்டைக்கட்டைக் கழட்டி ஆக்சிலுக்கு மேலே வெச்சா என்ன ஆகும்? ஆக்சில் குழாயோட கனமும் பட்டைக்கட்டோட கனமும் சேர்ந்த அளவுக்கு பாடி உயரும். ஜிப்சி மாதிரி வண்டியில் அது அஞ்சு இஞ்சுக்குப் பக்கத்தில் வரும். புதுப் பட்டை வாங்க வேண்டாம். ஆக்சில் மேலே பட்டை உட்கார நாலு இரும்பு மேடையை வெல்டிங் அடிச்சா போதும். கேட்க இலவசம் மாதிரி இருக்கும்.

நோகிற இடம் அடுத்து வருது. கியர் பெட்டி மேலே போயிடும், ஆக்சில் கீழேயே நிக்கும். நடுவில் இருக்கிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தா சாயும், ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது. ஸ்டீரியரிங் ராடு சாய்ஞ்சு நின்னா ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானா ஒரு பக்கம் இழுக்கும். எல்லாத்தையும்விட மோசம் பட்டை முறுக்கிக்கிறது. ஆக்சிலேட்டரையோ பிரேக்கையோ பலமா மிதிச்சா ஆக்சில் தன்னையே சுத்திக்கப் பார்க்கும். பட்டை மேலே போயிட்டா அந்த முறுக்கு இன்னும் கூடும், பட்டை 'எஸ்' மாதிரி நெளியும். யுத்த ஜீப்பிலேயே முன்பக்கம் இடது ஸ்பிரிங்கில் மட்டும் கூடுதலா ஒரு சின்ன ஸ்பிரிங் கட்டி இந்த முறுக்கை அடக்கியிருக்காங்க. பட்டை கீழே இருக்கும்போதே அந்தப் பாடு!

ஷேக்கிளை மட்டும் நீளமாக்கறதுன்னு இன்னொரு மலிவு வழி உண்டு. ரெண்டு இஞ்சு நீளமாக்கினா வண்டி ஒரு இஞ்சுதான் உயரும், ஏன்னா பட்டையோட ஒரு முனையை மட்டும்தானே தள்ளறோம். அதிகமாப் போனா முன் ஆக்சில் சாய்மானம் மாறி, நேர் ரோட்டில் ஸ்டீரியரிங் அலையும். அமெரிக்காவில் செரோக்கி ஜீப் வெச்சிருக்கிறவங்க கிராண்ட் செரோக்கியோட வி-8 மாடல் முன் ஸ்பிரிங்கைக் காயலான் கடையில் எடுத்து மாட்டி ரெண்டு இஞ்சுக்குள் உயர்த்திப்பாங்க. சுசுகி சாமுராய்க்கு ராங்ளர் பட்டையைப் போடறதும் அங்கே பிரபலம். கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கறேன். ஆனா வண்டியின் பாடியை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சிலோட நடு உருண்டை, கல்லில் இடிக்கிறது அதுதானே, அது ஒரு அங்குலம்கூட மேலே வராது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

சாமுராய்னு சொன்னேனே, நம்ம ஜிப்சியோட பங்காளி. 1988-ல் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை அதை ஓட்டிப் பார்த்துட்டு, சட்டுனு திருப்பினா கவிழப்போகுது, 'ஏற்கத்தக்கதல்ல'ன்னு எழுதிடுச்சு. சுசுகி 1996-ல் கேஸ் போட்டு, 2004-ல் சமரசம் ஆச்சு. பத்திரிகை சொன்னது நியாயமா, சுசுகி சொன்னது நியாயமா, நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. ஆனா அது கம்பெனி உயரத்திலேயே நடந்த சண்டை. அதுக்கு மேலே அஞ்சு இஞ்சு ஏத்தி, பின் பெஞ்சில் ரெண்டு குழந்தையை உட்கார வெச்சு, போடிமெட்டு ஊசி வளைவில் திருப்பறதை நினைச்சுப் பாருங்க.

அடுத்தது என் ஏரியா, சட்டமும் காகிதமும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 52-ஆம் பிரிவு. 2000-ல் திருத்தினப்போ, உற்பத்தியாளர் சொன்ன விவரத்தில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு இறுக்கிட்டாங்க. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதி இல்லாமல் மாத்தற உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டுமேன்னு வந்துடுச்சு. அபராதம்கூடப் போகட்டும். விபத்துன்னு வந்தா சர்வேயர் முதலில் குனிஞ்சு பார்க்கிறது அந்த வெல்டிங்கைத்தான். க்ளெய்ம் ஃபைலில் ஒரு வரி எழுதிட்டார்னா அதுக்கப்புறம் அலையறது நாம.

இதையெல்லாம் மச்சினன்கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போனில் சொன்னேன். "அப்ப வண்டி இப்படியே வாத்து மாதிரி இருக்கட்டுமா மச்சான்?"னு கேட்டான். வாத்து மாதிரி ஏன் இருக்குன்னு யோசிச்சியா மாப்ளேன்னு கேட்டேன். இருபது வருஷம் ராணுவத்தில் உழைச்ச பட்டை, வளைவெல்லாம் தட்டையாகி உட்கார்ந்துடும். ஹப் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் இஞ்சு டேப் வெச்சு அளந்து சொல்லச் சொன்னேன். ஜிப்சி 2019-ல் நின்னு போனாலும் கடைசி வரைக்கும் பட்டை ஸ்பிரிங்தான், அதனால் சாமான் இன்னும் கிடைக்குது. கம்பெனி அளவிலேயே நாலு புதுக் கட்டு, புஷ், ஷேக்கிள் பின், நாலு ஷாக் அப்சார்பர், பழைய சைஸிலேயே புது டயர். மாட்டின பிறகு அளந்தா முன்னாடி ஒன்றரை, பின்னாடி ரெண்டு இஞ்சு கூடியிருக்கு. ஆர்.சி. புக்கில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை. அவன் வெல்டிங்குக்கு ஒதுக்கின பணத்தைவிட அதிகம் ஆச்சு, அதில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கு.

கழட்டின பழைய பட்டையை அவன் எடைக்குப் போடலை. திருப்பாச்சேத்தி பக்கம் தெரிஞ்ச பட்டறையில் கொடுத்திருக்கான். அந்த இரும்பில் அடிச்ச அரிவாள் சீக்கிரம் முனை மழுங்காது, தெரியுமில்லையா. அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கானாம். ஹைதராபாத் அபார்ட்மெண்டில் அரிவாளை வெச்சு நான் என்ன பண்றது, தேங்காய் உடைக்கலாம்னு வீட்டம்மா சொல்றாங்க.