பாயும் மருதாணியும்: நம் பழைய பெருநாள் வீடுகள்

1953-ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குத் தங்கள் ஊர்ப் பாய் ஒன்று பரிசாகச் சென்றதைப் பத்தமடைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையின் இச்சிற்றூரில் பாய் நெய்வோர் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம்கள். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. அரண்மனைக்குப் போன பாயைப் பற்றிப் பேசும் நாம், அதே கைகள் நம் எளிய வீடுகளைப் பெருநாளுக்கு எவ்வாறு அணிசெய்தன என்பதை மறந்து வருகிறோம்.

ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி உலர்த்துவார்கள். பின்னர் ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்தி, இழை இழையாக வகிர்ந்து, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்வார்கள். மிக நுண்ணிய பாயொன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். மணமக்களின் பெயர் நெய்த திருமணப் பாயை மதவேறுபாடின்றி எல்லாரும் வாங்கிச் சென்றனர். பழைய பாய்களின் சிவப்பு, சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்து எடுத்த சாயம். அரபு வணிகர்கள் ‘பக்கம்’ என்று அழைத்த மரம் இதுவே. மலையாள நாட்டில் பதிமுகம் என்ற பெயரில் இதனைக் குடிநீரில் இட்டு இன்றும் காய்ச்சுகிறார்கள். பாய்க்கு அழகூட்டிய கட்டையே நீருக்கும் நிறமூட்டியது. அலங்காரப் பொருள் வேறு, மருந்துப் பொருள் வேறு என்று பிரித்துவைக்கும் வழக்கம் அந்தக் காலத்து வீடுகளில் அதிகம் இல்லை.

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் கிராமத்து வீடுகளில் வேலை கூடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது வெண்மையும் தந்தது, பூச்சிகளையும் விலக்கியது. பாய்களை உதறி வெயிலில் காயப்போடுவார்கள். பிள்ளைகள் வண்ணத்தாளை வெட்டி, அடுப்பில் காய்ச்சிய மாவுப் பசையால் சணல் கயிற்றில் ஒட்டித் தோரணம் கட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கியது தாள் மட்டுமே.

ஆயினும் பெருநாளின் முதன்மையான அலங்காரம் சுவரில் இல்லை, கையில்தான் இருந்தது. கிணற்றடி மருதாணியின் இலையை உருவி, கொட்டைப்பாக்கும் சிறிது புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, விரல் நுனிகளில் தொப்பியாக வைத்துக்கொண்டு பெண்கள் இரவெல்லாம் கையை அசைக்காமல் படுத்திருப்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் காயமோ முள்குத்தோ ஏற்பட்டால் அதன்மீது மருதாணி இடப்பட்டதாக, அவர்களுக்குப் பணிவிடை செய்த சல்மா (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. வெடித்த குதிகாலுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் நம் உம்மாமார் தடவியது, பெருநாளிரவில் அரைத்து எஞ்சிய அதே விழுதுதான்.

நோன்புக் கஞ்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவுக்கும் ஒரு பக்குவம், ஒவ்வோர் ஊருக்கும் தன் கஞ்சியே சிறந்தது என்ற வாதம். வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த இளஞ்சூட்டுக் கஞ்சி, பகலெல்லாம் வெறுமையாய் இருந்த வயிற்றை அதட்டாமல் எழுப்புகிறது. வேறு விளக்கம் அதற்கு எதற்கு?

இவ்வளவையும் எழுதும்போது, அக்காலத்தில் நோயே இல்லை என்று எண்ணவைத்துவிடுவோமோ என்ற அச்சமும் நமக்கு உண்டு. உண்மை அதுவன்று. அம்மை வந்த வீட்டில் வேப்பிலையும் இளநீரும் உடலுக்கு இதம் தந்தன. உயிரைக் காக்க அவை போதவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்கள் எனப் பிரித்து நூல் எழுதியவர் பாரசீகத்து மருத்துவர் அர்ராஸீ. பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம் தடுப்பூசி. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்திருப்பதைக் காட்டி, சர்க்கரை நோயாளியை மாத்திரையை நிறுத்தச் சொல்வோர் இன்று நம்மிடையே பெருகிவிட்டனர். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய அதே நபியின் பெயரால் இது நடப்பதுதான் வேதனை.

மருதாணியிலும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. பெருநாளுக்கு முந்திய இரவில் கடைத்தெருவில் கூம்புகளில் விற்கும் ‘கறுப்பு மருதாணி’ பெரும்பாலும் இலையிலிருந்து வந்ததன்று. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனம் அதில் கலந்திருக்கலாம். அது சிலருடைய தோலைக் கொப்புளிக்கவைத்து வடுவாக்கிவிடும். உண்மையான மருதாணி கறுப்பாகப் பற்றுவதில்லை. முதலில் செம்மஞ்சளாகவும் பின்னர் செம்பழுப்பாகவும் ஆகும். தூய இலையையும் கைக்குழந்தைகளுக்கு இடாமலிருப்பதே நலம். ஜி6பிடி என்னும் நொதிக்குறை உள்ள பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

பத்தமடையிலோ, பிளாஸ்டிக் பாய் மலிந்த பிறகு தறியில் அமரும் பெண்கள் குறைந்துவிட்டனர். வாரக்கணக்கான உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாத தொழிலில் மகளை உட்காரவைக்க எந்தத் தாய்தான் விரும்புவாள்? அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. நம் வீட்டு நிக்காஹ்வுக்கு நாம் கடைசியாக ஒரு கோரைப் பாய் வாங்கியது எப்போது?