சரிபார்க்கும் கண்: செய்தித் தன்னியக்கமும் இதழியல் பயிற்சியும்

செயற்கை நுண்ணறிவு இதழாளரின் வேலையைப் பறிக்குமா என்ற விவாதம் பெரும்பாலும் செய்தியை எழுதுவது யார் என்பதையே சுற்றி வருகிறது. எழுதும் கையைவிடச் சரிபார்க்கும் கண்ணுக்கே ஆபத்து மிகுதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2014இல் நிறுவனங்களின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை மென்பொருளிடம் ஒப்படைத்தது. காலாண்டுக்குச் சுமார் 300 ஆக இருந்த அச்செய்திகள் 3,000ஐத் தாண்டின. இதனால் எவருக்கும் வேலை போகவில்லை என்றது அந்நிறுவனம். தன்னியக்கத்தின் ஆதரவாளர்கள் காட்டும் இச்சான்றை மறுப்பதற்கில்லை; அதன் எல்லைதான் கவனத்துக்குரியது. வருவாய்ச் செய்தி என்பது அட்டவணைக்குள் அடங்கும் எண்களின் தொகுப்பு. மூல எண் பிழையாக இருந்தால் மென்பொருள் அப்பிழையையும் செய்தியாக்கிவிடும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழில் நடந்தது அதுதான். அதன் ‘குவேக்பாட்’ நிரல் 2014இல் நிலநடுக்கச் செய்தியைச் சில நிமிடங்களில் வெளியிட்டுப் பெயர் வாங்கியது. 2017 ஜூனில் அதே நிரல், சான்டா பார்பரா அருகே 6.8 அளவில் நிலநடுக்கம் என்று அறிவித்தது. உண்மையில் அது 1925இல் நடந்தது. நிலநடுக்கத் தரவுத்தளத்தில் அதன் பழைய பதிவைத் திருத்தியபோது தவறுதலாக வெளியான அறிவிப்பில் ஆண்டு 2025 என்று இருந்தது. அப்போது இன்னும் வராத ஆண்டைக் கண்டு ஐயுற நிரலுக்குத் தெரியவில்லை. துணையாசிரியர் ஒருவர் பார்த்திருந்தால் அந்த ஓர் எண்ணிலேயே நின்றிருப்பார்.

மேற்பார்வைக்கு மனிதர் இருந்தால் போதும் என்பர். தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் இதற்கு விடை சொல்கிறது. ஆசிரியர்கள் பார்த்தே வெளியிட்டதாகச் சொல்லப்பட்ட அதன் இயந்திரக் கட்டுரை ஒன்று, 10,000 டாலரை 3 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் முதலாண்டில் 10,300 டாலர் ஈட்டலாம் என்றது. ஈட்டுவது 300 டாலர்தான், மீதி அசல். 2023 ஜனவரியில் இது அம்பலமான பின், 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. வழுவழுப்பான நடை, படிப்பவரின் ஐயத்தை மழுங்கடிக்கிறது.

அந்த ஐயம் எங்கே பழக்கப்படுகிறது? புதிதாகச் சேர்ந்தவர் வட்டி விகிதம், ஆட்ட முடிவு, வானிலை ஆகியவற்றை எழுதி, மூத்தவரிடம் திருத்தம் வாங்கும் மேசையில்தான். இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வதும் இந்த வேலைகளையே. செய்தியைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் தப்பவில்லை: மைக்ரோசாஃப்ட் 2020இல் தன் எம்.எஸ்.என். தளத்துக்குச் செய்தி தேர்ந்த ஒப்பந்த இதழாளர்கள் பலரை விலக்க முடிவெடுத்தது. அம்முடிவு தெரியவந்த சில நாள்களிலேயே, இனப் பாகுபாடு குறித்துப் பாடகி ஒருவர் பேசிய செய்திக்கு அவருடைய குழுவின் வேறொரு பாடகியின் படத்தை அத்தளத்தின் மென்பொருள் போட்டது.

எனவே, பணியிடங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இழப்பை அளப்பது போதாது. தன்னியக்கத்தைக் கொண்டுவரும் இதழ்கள், புதியவர்கள் எண்ணோடும் மூல ஆவணத்தோடும் மல்லுக்கட்டும் தொடக்க வேலைகளை அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும். அதில் பழகாதவரிடம் நாளை இயந்திரத்தைச் சரிபார்க்கச் சொல்வதில் பயனில்லை.