எரிக் தரவுத்தளமும் தமிழ்க் கல்வி ஆய்வுத் தேடலும்

அச்சேறாது கிடந்த கல்வி ஆய்வறிக்கைகளைத் திரட்டித் தரவே, அமெரிக்கக் கல்வி அலுவலகம் 1964இல் எரிக் என்னும் நூற்பட்டியல் திட்டத்தைத் தோற்றுவித்தது. 1966இல் அதன் மாதச் சுருக்க ஏடு வெளிவந்தது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான தனி அட்டவணை 1969இல் தொடங்கியது. ஈடி எண் ஆவணத்தையும் ஈஜே எண் ஆய்விதழ்க் கட்டுரையையும் சுட்டும் முறை இன்றும் தொடர்கிறது. முனைவர் பட்ட நாள்களில் அவ்வறிக்கைகளை மைக்ரோஃபிஷ் தாள்களில் கண்ணெரியப் படித்திருக்கிறேன்.

இத்தளத்தின் உயிர்நிலை அதன் பொருட்சொல் அகராதியே. ஆசிரியர் தலைப்பில் எச்சொல்லை ஆண்டிருப்பினும், அட்டவணையாளர் அவ்வகராதிச் சொற்களையே பதிவில் இடுவர். திராவிட மொழிகள் என்பதன் கீழ்த் தமிழும் அதில் தனிச்சொல்லாக உண்டு. எனினும், புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வி பற்றித் தேடுபவர் அச்சொல்லோடு நின்றுவிடலாகாது. இருமொழிக் கல்வி, தாய்மொழிவழிக் கற்பித்தல் ஆகியவற்றின் கீழும் காணவேண்டும். ஒரு சொல்லை மட்டும் இட்டுப் பார்த்துவிட்டு, ‘இத்துறையில் ஆய்வே இல்லை’ என்று தொடங்கும் கட்டுரைகளை நம் கருத்தரங்குகளிலேயே கேட்டதுண்டு. அம்முடிபு ஆய்வேட்டின் முதல் இயலிலேயே ஏறிவிடுகிறது. பின்வருவோரும் அதனையே மேற்கோளாக்குகின்றனர்.

2003 இறுதியில் எரிக்கின் துறைவாரி மையங்கள் 16உம் மூடப்பட்டன. அவற்றுள் மொழியியலுக்கென இருந்த மையமும் ஒன்று.