பரண்மேல் கிடக்கும் ரேடியோ

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண்மேல் ஒரு மரப்பெட்டி ரேடியோ கிடக்கலாம். "இது எதுக்கு ஆகும்?" என்று எடைக்குப் போடுமுன், அதன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. 1930-ல் சென்னை மாநகராட்சி அதை எடுத்து நடத்தியது. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள்; செட்டு வாங்க வசதியில்லாதவரும் நின்று கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

பிறகு கிராமத்துக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மாலையில் ஊரே அதன் முன் கூடும். 1960-களில் தஞ்சைப் பகுதி விவசாயிகள் வானொலியில் கேட்டு ஏ.டி.டி. 27 நெல்லைப் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பெட்டி பேசியதைக் கேட்டு வயலில் நெல் மாறியது, பாருங்கள்!

அந்தக் காலத்துச் செட்டுகள் வால்வு செட்டுகள். சுவிட்சு போட்டால் வால்வு சூடாகி, சற்றுப் பொறுத்துத்தான் பேசும். 1947-ல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தார்கள். அது நம் ஊருக்கு வந்ததும் கரண்டு இல்லாத கொட்டகையிலும், ஏர் ஓட்டும் இடத்திலும் பாட்டுக் கேட்டது. வால்வு செட்டு பரணுக்குப் போனது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்துபோயின. குருவிடம் உட்கார்ந்து கற்ற தொழில் அது. சீடன் இல்லையென்றால் அவரோடு போய்விடும்.

சரி, ஆளை எங்கே தேடுவது? முதலில் பழைய மைக் செட்காரரைக் கேளுங்கள். திருவிழாவுக்கு வால்வு ஆம்பிளிஃபயர் கட்டியவருக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் தெரிந்தவரைக் காட்டுவார். உதிரிப் பாகத்துக்கு மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம்.

ஒன்று சொல்கிறேன், மறக்காதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த செட்டை நேரே பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே கண்டென்சர் கெட்டிருக்கும், டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகலாம். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் கரண்டு தங்கும். கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல மெக்கானிக் முதலில் கண்டென்சர்களைப் பார்ப்பார். பிறகு பல்பை வரிசையில் போட்டு மெதுவாகக் கரண்டு விடுவார். "எப்படிச் சோதிப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் கொடுங்கள். கழற்றும் பழைய பாகங்களையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். "உள்ளே இருக்கிறதெல்லாம் எடுத்துட்டு புது போர்டு வெச்சிடலாம்" என்பவரிடம் கொடுத்தால் பெட்டிதான் மிஞ்சும், ரேடியோ போய்விடும்.

அந்தச் செட்டுகளில் பெரும்பாலும் எஃப்.எம். எடுக்காது, மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். இருந்தாலென்ன? பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பிள்ளையை அந்த மெக்கானிக் பக்கத்தில் ஒரு நாள் உட்காரவையுங்கள். விதை நெல்லை வைத்துக் காப்பது போல, கைத்தொழிலையும் அடுத்த கைக்குக் கொடுத்துத்தான் காக்க வேண்டும்.