மன அதிர்ச்சி இழப்பீடு (இங்கிலாந்துச் சட்டம்)

பிறருடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்தோ வேலைச்சுமையோ ஒருவரை மனநோயில் தள்ளினால், அவர் வழக்குத் தொடுத்துப் பெறக்கூடிய தொகையே மன அதிர்ச்சி இழப்பீடு. பழைய தீர்ப்புகள் இதை ‘நரம்பு அதிர்ச்சி’ என்றன. துக்கமும் பயமும் மட்டும் இருந்தால் வழக்கு நிற்காது. மருத்துவம் ஏற்கும் மனநோய் என்று மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் இதை நம்பவே இல்லை. 1886இல் மெல்போர்ன் அருகே ரயில்வே கேட் காவலர் தவறுதலாகக் கதவைத் திறந்துவிட, தண்டவாளத்தைக் கடந்த குதிரை வண்டியை ரயில் மயிரிழையில் உரசாமல் போனது. வண்டியிலிருந்த கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்து நோயுற்றார். உடலில் அடியில்லாத வழக்குகளை ஏற்றால் கற்பனை வழக்குகள் பெருகும் என்று அஞ்சி, காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1888இல் அவர் கோரிக்கையைத் தள்ளியது. 1901இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. மதுக்கடைக்குள் குதிரை வண்டி பாய்ந்ததில் அதிர்ந்துபோன பணிப்பெண்ணுக்கு வழக்குரிமை கிடைத்தது. ஆனால் தன் உயிருக்கே அஞ்சியவருக்கு மட்டுந்தான் அந்த உரிமை என்றார் நீதிபதி.

பிறருக்கு நேர்ந்ததைக் கண்டு நொறுங்கியவர்கள் நிலை என்ன? அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1982இல் ஒரு தாயின் வழக்கை ஏற்றது. குடும்பத்தினர் சிக்கிய விபத்து நடந்தபோது அவர் வீட்டில் இருந்தார். சில மணி நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடியவர், எண்ணெயும் அழுக்கும் துடைக்கப்படாமல் கிடந்த கணவரையும் பிள்ளைகளையும் கண்டார். ஒரு மகள் இறந்துவிட்டதாக அங்கேதான் கேட்டார்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், கூட்டத்தைக் காவல்துறை கையாண்ட தவறால், கம்பி வேலியிட்ட அடைப்புகளுக்குள் ரசிகர்கள் நசுங்கினர். இறந்தோர் தொகை பின்னாளில் 97 ஆயிற்று. உறவினர்கள் தொடுத்த வழக்கில் 1991இல் பிரபுக்கள் சபை வகுத்த விதிகளே இன்றும் அடிப்படை: இறந்தவரோடு நெருங்கிய பாசம் வேண்டும், நிகழ்வுக்கோ உடனடிப் பின்விளைவுக்கோ அருகில் இருந்திருக்க வேண்டும், சொந்தக் கண்ணாலும் காதாலும் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, மணம் பேசி முடித்தவர் என்றால் பாசம் உண்டென்றே கொள்ளப்படும். மற்றவர் நிரூபிக்க வேண்டும்.

மைதானத்திலேயே இருந்து இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த ஒருவர் தோற்றார். பாசத்துக்குத் தனியே ஆதாரம் தரவில்லையாம். தொலைக்காட்சியில் பார்த்துப் பதறிய பெற்றோரும் தோற்றனர். எட்டு மணி நேரம் கழித்துப் பிணவறையில் மைத்துனரை அடையாளம் காட்டியவருக்கும் அதே கதி. உடன்பிறந்தவனின் பாசத்துக்குச் சாட்சி கேட்பது கொடுமை. எல்லை எங்காவது வேண்டும் என்பது நியாயமே. ஆனால் நோயின் கடுமையை விட்டுவிட்டு, நின்ற இடத்தையும் கடிகாரத்தையும் அளந்து அந்த எல்லை போடப்பட்டது.

அதே மைதானத்தில் மீட்புப் பணி செய்த காவலர்களும் 1998இல் தோற்றனர். உறவினர்களுக்கு மறுத்ததைக் காவலர்களுக்குக் கொடுத்தால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

வேலைச்சுமையால் வரும் நோய்க்கு வழி வேறு. நார்த்தம்பர்லாந்தில் குழந்தைகள் பாதுகாப்பு வழக்குகளைக் கவனித்த சமூகநல அதிகாரி ஒருவர் 1986இல் மனமுடைந்து விடுப்பில் போனார். திரும்பியபோது அவரை வேலைக்கு வைத்திருந்த உள்ளாட்சிக் கவுன்சில் போதிய உதவி தராததால் மறுபடி விழுந்தார். 1994இல் வந்த தீர்ப்பு, இரண்டாம் வீழ்ச்சிக்கு மட்டும் கவுன்சிலைப் பொறுப்பாக்கியது. முதல் வீழ்ச்சியை அது முன்கூட்டி அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பது தீர்ப்பு சொன்ன காரணம். ஆகவே, பணியாளர் தன் நிலையை மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்திருப்பது இத்தகைய வழக்குகளில் பெரிய பலம்.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2002இல் வேறு பாதை எடுத்தது. பாலைவனத்தில் மாண்ட பதினாறு வயது மகனைப் பற்றித் தொலைபேசியில் கேட்டறிந்த பெற்றோருக்கும் அது வழக்குரிமை தந்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2024 ஜனவரியில் எல்லையை இன்னும் குறுக்கியது. தந்தையின் இதய நோயை மருத்துவமனை கண்டறியத் தவறியதாகவும், பின்னர் அவர் தெருவில் சரிந்து இறந்ததைக் கண்ணெதிரே கண்டதாகவும் கூறிய சிறுமிகளின் வழக்கு அது. நடந்தது ‘விபத்து’ அல்ல என்று ஆறு நீதிபதிகள் அதைத் தள்ளினர். ஒருவர் மட்டும் சிறுமிகளின் பக்கம் நின்றார்.