ஹூக்ளிக் கரையும் சோழமண்டலக் கரையும்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்க்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வீட்டு வேலைக்கும் சிறிது ஓய்வுக்குமே போதுவதாக இருக்கிறது. கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் நம்மவர், விடுமுறை கிடைத்தால் தமிழ்நாட்டுக்கு ரயிலேறுவர். ஹௌராவிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்று சேரத்தக்க ஹூக்ளிக் கரை ஊர்களை எட்டிப் பார்ப்பதற்கு மட்டும் நேரம் வாய்ப்பதில்லை. அவ்வூர்களின் வரலாறு நம் கடற்கரையின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. அவற்றின் பலகாரங்களிலும் அவ்வரலாற்றின் சுவடு உண்டு. அவ்விரண்டையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

செல்லும் வழியே பழம்பெருமை உடையது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று கிழக்கிந்தியப் பகுதியின் முதற் பயணிகள் ரயில் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை 24 மைல் ஓடிற்று. பாலி, ஸ்ரீராம்பூர், சந்தன்நகர் ஆகியவை இடையே நின்ற நிலையங்கள். இன்று அவ்வழியில் பண்டேல் வரை மின்சார ரயில்கள் நாள் முழுதும் ஓடுகின்றன. காலையில் புறப்பட்டால் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

முதலில் ஸ்ரீராம்பூர். தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய டேனிஷ்காரர், 1755-இல் இங்கே வந்து குடியேறினர். 1845-இல் இவ்விரண்டு ஊர்களையும் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பெனிக்கு விற்றனர். காவிரி நாட்டு ஊர் ஒன்றும் வங்காள ஊர் ஒன்றும் ஒரே பத்திரத்தில் கைமாறின என்பது நினைக்கத்தக்கது. அச்சுக்கலையும் இவ்விரண்டையும் இணைக்கின்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். கும்பெனி ஆட்சியில் சமயப் பணிக்கு இடம் கிடைக்காத கேரி முதலியோர், 1800-இல் டேனிஷ் கொடியின் நிழலில் ஸ்ரீராம்பூரில் அச்சகம் நிறுவினர். வங்காள உரைநடையின் வளர்ச்சியில் அவ்வச்சகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1786-இல் எழுந்த டென்மார்க் விடுதி பாழடைந்து கிடந்து, புதுப்பிக்கப்பெற்று, 2018-இல் சிற்றுண்டிச் சாலையாக மீண்டும் திறக்கப்பெற்றது.

அடுத்துச் சந்தன்நகர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால் நாம் நன்கறிந்த டூப்ளே, 1742-இல் புதுச்சேரிக் கவர்னர் ஆவதற்கு முன், 1731 முதல் இவ்வூரின் தலைவராக இருந்து வாணிகத்தைப் பெருக்கியவர். பிரெஞ்சு இந்தியாவின் தலைநகர் புதுச்சேரியாதலின், வங்காளிகள் வாழ்ந்த இவ்வூர் நெடுங்காலம் தமிழ்க் கரையிலிருந்தே ஆளப்பட்டது. 1949-இல் இவ்வூர் மக்கள் வாக்களித்து இந்தியாவோடு சேர விழைந்தனர். 1954-இல் ஊர் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சியும் இந்தியாவின் கைக்கு வந்தது.

சந்தன்நகரின் புகழ் பெற்ற பலகாரம் 'ஜல்பரா' என்னும் சந்தேஷ். 'நீர் நிறைந்தது' என்பது அச்சொல்லின் பொருள். அதன் வடிவமோ நாம் பிறந்தது முதல் அறிந்த நுங்கின் வடிவம்! மேலே கெட்டியான இனிப்பு, உள்ளே பன்னீர்ப் பாகு. ஜமீன்தார் வீடொன்றில், விருந்துக்கு வந்த மருமகனைக் கேலி செய்ய வேண்டிச் சூரிய மோதக் என்னும் இனிப்புக் கலைஞரைக் கொண்டு இதனைச் செய்வித்தனர் என்பது வழிவழிக் கதை. மாப்பிள்ளை கடித்தாராம், பாகு அவர் பட்டாடையில் தெறித்ததாம். மாப்பிள்ளைக் கேலி நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

இன்னும் வடக்கே சின்சுரா டச்சுக்காரரின் ஊர். பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியவரும் அவரே. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சின்சுராவும் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாயின. இரண்டு ஊர்களிலும் டச்சுக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன.

ரயில் முடியும் பண்டேல் போர்த்துக்கீசியரின் நினைவைத் தாங்குவது. 'பந்தர்', அதாவது துறைமுகம், என்னும் சொல்லின் திரிபே இப்பெயர் என்பர். 1632-இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றிற்று. அப்போது அழிந்த மாதா கோயில் 1660-இல் மீண்டும் எழுந்தது. போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றதாகக் கருதப்படும் உணவு, உப்பிட்டுப் புகையூட்டிய சிறு பாலாடைக்கட்டி. 'பண்டேல்' என்ற பெயரைத் தாங்கிய அது, இன்று தாரகேசுவரம், விஷ்ணுபுரம் பக்கங்களில் செய்யப்பெற்றுக் கல்கத்தா நியூ மார்க்கெட்டில் விற்கப்படுகின்றது.

வங்காள இனிப்புக்களுக்கு உயிரான 'சானா'வும் இவர்கள் வழி வந்ததே எனச் சில அறிஞர் கூறுவர். வேறு சிலர் மறுப்பர். காய்ச்சிய பாலைப் புளிப்பிட்டுத் திரியச் செய்து, துணியில் வடித்தெடுப்பதே சானா. நம் வீட்டில் பால் திரிந்துவிட்டால் நல்லதன்று என்று முகம் சுளிப்போம். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பாலாக்குவதே நம் மரபு. வங்காளியோ திரிந்த பாலிலிருந்தே ரசகுல்லாவையும் சந்தேஷையும் படைத்தான். 1965-இல் பால் தட்டுப்பாட்டினால் மாநில அரசு சானா இனிப்புக்களைத் தடை செய்தபோது வங்காளம் எவ்வளவு மனம் வருந்தியிருக்கும் என்பதை நாம் உணரலாம். காப்பிக்குத் தடை வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

சானா நெடுநேரம் தாங்காது. புத்தம் புதிதாகவே உண்ண வேண்டும். ஆதலால் ஊருக்கு ஊர் தனித்தனி இனிப்பு வளர்ந்தது. அந்தந்த ஊருக்குச் சென்றே அதனைச் சுவைக்க வேண்டியும் இருக்கிறது. பெரிய பெயர்ப் பலகையைத் தேட வேண்டா. உள்ளூர்க்காரர் வீட்டு விருந்துக்கு எந்தக் கடையில் வாங்குகிறார் என்று கேட்டறிந்து அங்கே செல்லுக. மார்கழி, தை மாதங்களில் சென்றால் புது ஈச்சவெல்லம் கலந்த சந்தேஷ் கிடைக்கும். இரவில் ஈச்சமரத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்த அவ்வெல்லத்தின் மணம், பனங்கருப்பட்டி அறிந்த நாவுக்கு அயலாகத் தோன்றாது.

வெளியூரில் இட்டலியும் சாம்பாரும் தேடுவதில் குற்றமில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் பிறந்து வளரும் மண் இது. தரங்கம்பாடியையும் பழவேற்காட்டையும் புதுச்சேரியையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு, ஸ்ரீராம்பூரும் சின்சுராவும் சந்தன்நகரும் போதும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஹௌராவில் ரயிலேற்றி அழைத்துச் செல்வோமாக.